நிறுத்தத்துக்கும் கதவுக்கும் நடுவில் பத்தடி: பேருந்துப் பயணத்தை வடிவமைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பேருந்து எங்கே நிற்க வேண்டும், அதன் கதவு எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும், நெற்றிப் பலகையில் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்றெல்லாம் முடிவு செய்கிற உங்கள் எல்லோருக்கும் வணக்கம். போக்குவரத்துக் கழகத்தில் இருந்தாலும் சரி, பேருந்து கட்டும் ஆலையில் இருந்தாலும் சரி, சாலையும் நடைபாதையும் போடும் துறையில் இருந்தாலும் சரி, இந்த மடல் உங்களுக்குத்தான். உங்களில் யாரையும் எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் எடுத்த முடிவுகளை நான் தினமும் காலால் தொட்டும் காதால் கேட்டும் அறிகிறேன்.

எனக்கு இருப்பது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்கிற விழித்திரைக் கோளாறு. ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு வருவது. பெரும்பாலும் முதலில் இரவுப் பார்வை போகும், பிறகு ஓரப்பார்வை சுருங்கிக்கொண்டே வரும். பகலில் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல எனக்கு நடுவில் கொஞ்சம் தெரிகிறது. பொழுது சாய்ந்துவிட்டால் அதுவும் கிடையாது. பதினெட்டு ஆண்டுகளாக வேலைக்குப் பேருந்தில்தான் போய்வருகிறேன். எங்களுக்கு வண்டி ஓட்டும் உரிமம் கிடைக்காது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்குப் பேருந்து பல வழிகளில் ஒன்று. எங்களில் பலருக்கு அது ஒன்றுதான் வழி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை நாள். வேலை முடிந்து நிறுத்தத்துக்கு வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. நிழற்குடைத் தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் வேறெதுவும் காதில் விழவில்லை. பக்கத்தில் நின்றவரிடம், என் பேருந்து வந்தால் கொஞ்சம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றார். கொஞ்ச நேரத்தில் அவருடைய பேருந்து வந்திருக்கிறது, ஏறிப் போய்விட்டார். போகிறேன் என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. நான் காலி இடத்தைப் பார்த்து, "சார், வந்துடுச்சா?" என்று இரண்டு முறை கேட்டேன். அப்புறம் மூன்று பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. முதல் பேருந்தின் கதவைத் தேடிப் போய் எண்ணைக் கேட்டேன். இது இல்லை, பின்னால் மூன்றாவதாக நிற்பது உங்களுடையது என்றார்கள். கோலைத் தட்டிக்கொண்டு, தேங்கிய தண்ணீரில் கால் வைத்து நான் பின்பக்கம் போவதற்குள் அது முன்னால் நின்ற இரண்டையும் தாண்டிக் கிளம்பிவிட்டது. என் தோளுக்கு ஓரடி தூரத்தில் அது கடந்துபோன காற்று மட்டும் முகத்தில் பட்டது. அடுத்த பேருந்து ஐம்பது நிமிடம் கழித்து வந்தது.

அந்த ஓட்டுநர்மேல் எனக்குக் கோபம் இல்லை. மழையில் அவருக்கும் கண்ணாடி மங்கலாகத்தான் இருந்திருக்கும். முன்னால் இரண்டு வண்டி நின்றால் பின்னால் நின்றே ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பு என்பதுதான் அந்த நிறுத்தத்தின் வழக்கம். அந்த வழக்கம் யாரோ முடிவு செய்தது, அல்லது யாரும் முடிவு செய்யாமல் விட்டது. அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

பார்வையற்றோருக்கு வசதி செய்கிறோம் என்று நீங்கள் யோசிக்கும்போது பெரும்பாலும் பேருந்துக்கு உள்ளேதான் யோசிக்கிறீர்கள். இருக்கை ஒதுக்குகிறீர்கள், அடுத்த நிறுத்தத்தை அறிவிக்கிறீர்கள், கட்டணச் சலுகை தருகிறீர்கள். எல்லாம் வேண்டியதுதான், நன்றி. ஆனால் எங்கள் பயணம் அறுந்துபோவது பேருந்துக்கு வெளியே. நிற்கிற இடத்துக்கும் ஏறுகிற கதவுக்கும் நடுவில் ஒரு பத்தடி தூரம் இருக்கிறது. அந்தப் பத்தடியில் நாங்கள் மூன்று கேள்விகளுக்கு விடை கண்டுபிடிக்க வேண்டும். பேருந்து வந்துவிட்டதா? வந்தது என் பேருந்தா? அதன் கதவு எங்கே? பார்வை உள்ளவருக்கு இந்த மூன்றும் ஒரே பார்வையில் முடிந்துவிடுகின்றன. கேள்வியாகக்கூடத் தோன்றுவதில்லை. அதனால்தான் வரைபடத்தில் அந்தப் பத்தடி வெறும் வெள்ளையாக இருக்கிறது.

நாங்கள் எப்படிச் சமாளிக்கிறோம் என்று சொல்கிறேன். இன்ஜின் சத்தத்தை வைத்துப் பெரிய வண்டி வருகிறது என்று தெரிந்துகொள்வோம். அது பேருந்தா லாரியா என்பது பிரேக் பிடிக்கும்போதும், கதவு திறக்கையில் காற்று சீறும்போதும் புரியும். சீறல் வந்த திசைதான் கதவு. அந்தத் திசையில் நடக்கத் தொடங்கும்போது இறங்குகிற கூட்டம் எதிரே வரும். அவர்களில் யாரையாவது கேட்போம். அவர் பதில் சொல்லிக்கொண்டே நடந்து போய்விடுவார், பாதிதான் காதில் விழும். "அதோ நிக்குது பாருங்க" என்று கையை நீட்டுகிறவர்கள் உண்டு. தப்பான எண்ணைச் சொன்னவர்களும் உண்டு. வேண்டுமென்று சொல்வதில்லை, அவர்களுக்கும் தூரத்து எழுத்து தெரியாமல் இருந்திருக்கும். ஒரு முறை அப்படி ஏறி, நான்கு நிறுத்தம் கழித்து, எனக்குப் பழக்கமே இல்லாத ஒரு சந்திப்பில் இறங்கி நின்றிருக்கிறேன். எந்தப் பக்கம் சாலை, எந்தப் பக்கம் சுவர் என்று தெரிந்துகொள்ளவே கால் மணி நேரம் ஆயிற்று.

கேட்டால் சொல்கிறார்களே, அப்புறம் என்ன என்று தோன்றலாம். மனிதர்கள் நல்லவர்கள்தான். அவர்களுடைய உதவியால்தான் இத்தனை ஆண்டு வேலைக்குப் போய்வந்திருக்கிறேன், அதை மறக்க மாட்டேன். ஆனால் என் தோழி ஒருத்தி, முழுமையாகப் பார்வையற்றவள், ஒரு நாள் சொன்னாள்: "ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டாப்பில் நிற்கிறேன். யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களிடம் நான் எந்த பஸ்ஸில் போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. தினமும்." அவள் சொல்லும்வரை எனக்கு அது தோன்றியதே இல்லை. நான் ஆண். முகம் தெரியாத ஆட்களிடம் நான் போகுமிடத்தைச் சொல்வதில் எனக்குப் பயம் இருந்ததில்லை. அவளுக்குக் கேட்பதும் ஆபத்து, கேட்காமல் இருப்பதும் ஆபத்து. நிறுத்தத்தில் யாருமே இல்லாத நேரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே என் முதல் கோரிக்கை, பேருந்து தன் பெயரைத் தானே வெளியே சொல்லட்டும். கதவு திறக்கும்போது, கதவுக்கு அருகிலுள்ள ஒலிபெருக்கியில், எண்ணும் போகுமிடமும் தெளிவாக ஒரு முறை. இந்த ஒரே காரியத்தில் மூன்று கேள்விகளுக்கும் விடை வந்துவிடுகிறது. வந்துவிட்டது என்று தெரிகிறது, எது வந்தது என்று தெரிகிறது, குரல் வருகிற இடம்தான் கதவு என்பதும் தெரிகிறது. அதனால்தான் ஒலிபெருக்கியைக் கதவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். கூரையின் நடுவில் வைத்தால் மூன்றாவது விடை போய்விடும்.

இதற்கு உடனே வருகிற எதிர்ப்பு எனக்குத் தெரியும். நிறுத்தத்துக்கு எதிர்வீட்டில் குடியிருப்பவர்களுக்கு நாள் முழுக்க அறிவிப்புக் கேட்டால் தூக்கம் போய்விடும் என்பார்கள். நியாயமான கவலைதான். செக் நாட்டில் பல ஆண்டுகளாகவே இதற்கு ஒரு தீர்வு வைத்திருக்கிறார்கள். பிராக் போன்ற நகரங்களில் பார்வையற்றவர்கள் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறிய ரேடியோ கருவியை வைத்திருக்கிறார்கள். அதில் சில பொத்தான்கள்தான். வண்டி வரும் சத்தம் கேட்டதும் ஒரு பொத்தானை அழுத்தினால், அந்தப் பேருந்தோ டிராமோ தன் வெளி ஒலிபெருக்கியில் எண்ணையும் திசையையும் சொல்கிறது. யாரும் அழுத்தாவிட்டால் மௌனமாகவே போய்விடும். இன்னொரு பொத்தானை அழுத்தினால், பார்வையற்ற ஒருவர் ஏறப்போகிறார் என்று ஓட்டுநருக்குத் தகவல் போகிறது. அந்த இரண்டாவது பொத்தான்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அன்றைய மழையில் அது என் கையில் இருந்திருந்தால் மூன்றாவது வண்டியின் ஓட்டுநருக்கு நான் இருப்பது தெரிந்திருக்கும்.

டெல்லி ஐஐடியின் அசிஸ்டெக் ஆய்வகமும் இதே வழியில் யோசித்து ஆன்போர்டு என்ற கருவியை உருவாக்கியது. பயணி ஒரு பொத்தானை அழுத்தினால், அருகிலிருக்கும் பேருந்துகளின் எண்களை அவர் கையிலுள்ள கருவி வாசிக்கும். தனக்கு வேண்டிய எண்ணைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் பேருந்தின் கதவருகே உள்ள ஒலிபெருக்கி குரல் கொடுக்கும். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். டெல்லியிலும் மும்பையிலும் ஓடும் பேருந்துகளிலேயே அதைச் சோதித்தார்கள். அதாவது தொழில்நுட்பம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சோதனையோடு நின்றுபோகாமல், வாங்குகிற ஒவ்வொரு புதிய பேருந்தின் ஒப்பந்தத்திலும் அது ஒரு வரியாக இடம்பெற வேண்டும். டயர் அளவைப் போல, பிரேக்கைப் போல. பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்ட எதுவும் சேர்க்கப்பட்டதை நான் பார்த்ததில்லை.

சட்டமும் இதைப் பேசியிருக்கிறது. அமெரிக்காவில் 1990-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் உள்ள போக்குவரத்து விதிகளில் ஒன்று, ஒரே நிறுத்தத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வழித்தடப் பேருந்துகள் நின்றால், பார்வையற்ற பயணி தன் பேருந்தை அடையாளம் காணவோ, இன்ன வழித்தடத்தில் போக இவர் காத்திருக்கிறார் என்று ஓட்டுநர் தெரிந்துகொள்ளவோ ஒரு வழி இருக்க வேண்டும் என்கிறது. எனக்கு அந்த விதியில் பிடித்தது அது இரண்டு பக்கத்தையும் பார்ப்பதுதான். நான் பேருந்தைக் கண்டுபிடித்தாலும் சரி, பேருந்து என்னைக் கண்டுபிடித்தாலும் சரி, பத்தடி கடந்துவிடும். ஐ.நா. சபை 2006-ல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவு, போக்குவரத்தையும் தகவலையும் ஒரே மூச்சில் சொல்கிறது. பேருந்தைத் தந்துவிட்டு அதன் எண்ணைத் தராவிட்டால் எங்களுக்குப் பாதிதான் தந்ததாகும்.

இங்கே மின்பேருந்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீங்கள் இப்போது வாங்கிக்கொண்டிருப்பது அதைத்தான். புகை இல்லாத பேருந்து எனக்கும் வேண்டும். நிறுத்தத்தில் அதிக நேரம் நின்று புகையைச் சுவாசிப்பவன் நான். ஆனால் நான் மேலே சொன்ன தந்திரம் முழுவதும் இன்ஜின் சத்தத்தை நம்பியது. மெதுவாக வரும் மின்வாகனம் ஒலி எழுப்ப வேண்டும் என்ற விதி பல நாடுகளில் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் புதிய மின்வாகனங்கள் எல்லாவற்றுக்கும் அது கட்டாயம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம்வரை அந்த ஒலி கேட்க வேண்டும். சாலையைக் கடக்கிறவரைக் காப்பாற்ற வந்த விதி அது, அதற்குப் போதும். எங்களுக்குப் போதாது. நின்றுவிட்ட வண்டி ஒலி எழுப்ப வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. நின்றிருக்கும் பேருந்தைத்தான் நாங்கள் தேடுகிறோம். டீசல் வண்டி நின்றபோதும் உறுமிக்கொண்டே இருக்கும், அந்த உறுமலைப் பிடித்துக்கொண்டு போவேன். மின்பேருந்து நின்றவுடன் எனக்கு அது இல்லாமலே போய்விடுகிறது. முதன்முதலாக ஒரு மின்பேருந்து வந்து, நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போன பிறகும் அங்கேயே நின்று காத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் சொல்லித்தான் தெரிந்தது. மின்பேருந்துகளுக்காவது வெளி அறிவிப்பை முதல் நாளிலிருந்தே கட்டாயமாக்குங்கள்.

அடுத்தது, பேருந்து நிற்கிற இடம். இது கருவி விஷயம் இல்லை, ஒழுங்கு விஷயம். கதவு தினமும் ஒரே இடத்தில் வந்து நின்றால் எனக்குக் குரல்கூடப் பாதிதான் தேவைப்படும். நிறுத்தத்தின் தலைப்பகுதியில் ஓர் இடத்தைக் குறித்து, முன்கதவு அங்கேதான் வர வேண்டும் என்று வையுங்கள். பின்னால் நின்ற வண்டி அங்கேயே ஆட்களை ஏற்றியிருந்தாலும், முன்வண்டி போனதும் தலைப்பகுதிக்கு வந்து இன்னொரு முறை நின்று, கதவைத் திறந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இதற்கு ஒப்பந்தப்புள்ளி வேண்டாம், கருவி வேண்டாம். பணிமனையில் ஒரு சுற்றறிக்கை போதும். எனக்கு அரை நிமிடம் கிடைக்கும். அந்த அரை நிமிடம் இல்லாததால்தான் அன்றைக்கு ஐம்பது நிமிடம் போனது.

சரியான இடத்தில் நிறுத்த ஓட்டுநருக்கும் உதவி வேண்டும். ஜெர்மனியின் காசெல் நகரத்தின் பெயரால் அழைக்கப்படும் ஒரு வகை நடைபாதை விளிம்புக்கல் இருக்கிறது. சாலையைப் பார்த்த அதன் பக்கம் வளைந்து சரிந்திருக்கும். டயர் அதன்மேல் உரசினால் சேதமாகாமல் தானே வழிக்கு வந்துவிடும், அதனால் ஓட்டுநர் பயமில்லாமல் விளிம்பை ஒட்டி நிறுத்தலாம். தாழ்தளப் பேருந்தில் ஏறும் சக்கர நாற்காலிக்காரர்களுக்காகத்தான் பெரும்பாலும் இதைப் பற்றிப் பேசுவார்கள். எங்களுக்கும் அதே பலன் உண்டு. விளிம்புக்கும் படிக்கும் நடுவில் சாலையில் இறங்க வேண்டியிருந்தால், அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம், அதில் தண்ணீரா, மூடி இல்லாத குழியா, இடையில் புகுந்து போகிற இருசக்கர வண்டியா என்று எதுவும் தெரியாமல் கால் வைக்கிறோம். பல இடங்களில் இப்போது நிறுத்தத்துக்கும் நடைபாதைக்கும் நடுவில் சைக்கிள் பாதையைக் கொண்டுபோகிறீர்கள். சைக்கிளுக்குச் சத்தமே கிடையாது. அப்படி ஒரு நிறுத்தத்தை வரைவதற்கு முன் தயவுசெய்து எங்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

கதவு வரும் இடம் நிலையாகிவிட்டால்தான் தொட்டுணரும் தளக்கற்களுக்கும் அர்த்தம் வரும். ஜப்பானியர் செய்ச்சி மியாகே 1965-ல் அவற்றை உருவாக்கினார். 1967 மார்ச்சில் ஒக்காயாமா நகரத்தில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே இருந்த சாலைக் கடவையில்தான் முதன்முதலில் பதித்தார்கள். நீளக் கோடுகள் இருந்தால் இந்த வழியே வா என்று பொருள், புள்ளிகள் இருந்தால் நில், கவனி என்று பொருள். அவ்வளவு எளிமையான மொழி, செருப்புக் காலுக்கும் புரியும். மஞ்சள் நிறத்தில் பதிப்பதும் வெறும் அழகுக்காக இல்லை. கொஞ்சம் பார்வை உள்ள என்னைப் போன்றவர்களுக்குச் சாம்பல் நிறத் தரையில் அந்த மஞ்சள் ஒரு கயிறு மாதிரி. ஆனால் அந்தக் கயிற்றைப் பிடித்துப் போனால் விளம்பரப் பலகையில் முட்டுகிற இடங்களை நான் அறிவேன். பேருந்து ஒருநாளும் நிற்காத மூலையில் கொண்டுபோய் விடுகிற இடமும் உண்டு. தரைக்கல் பதித்ததற்குக் கணக்கு முடிந்திருக்கும். வழிதான் முடியவில்லை.

போனில் ஆப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நானும் வைத்திருக்கிறேன். பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்று அது சொல்லும்போது உண்மையிலேயே நிம்மதியாக இருக்கிறது. ஆனால் அந்தப் பத்தடியை அது கடக்க உதவாது. திறந்த வெளியிலேயே போனின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் பிசகும், உயரமான கட்டடங்களுக்கு நடுவில் இன்னும் அதிகம். நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று அது சொல்கிற இடத்திலிருந்து நிறுத்தக் கம்பம் பதினைந்தடி தள்ளி இருக்கும். பார்வை உள்ளவர் நிமிர்ந்து பார்த்துச் சரிசெய்துகொள்வார். நான் வெறும் நடைபாதையில் நின்று காத்திருப்பேன், ஓட்டுநரும் நிறுத்தத்தில் யாரும் இல்லை என்று போய்விடுவார். அதுபோக ஒரு கையில் கோல், தோளில் பை, மழை பெய்தால் குடை. போனைப் பிடிக்க எந்தக் கை? காதில் ஹெட்போன் மாட்டினால் சாலை கேட்காது. எங்களில் முதியவர்கள் பலரிடம் ஸ்மார்ட்போனே இல்லை. இருக்கிறவர்களுக்கும் ஆப்பின் அடுத்த பதிப்பு வந்தவுடன், நேற்றுவரை ஸ்க்ரீன் ரீடர் (திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) பெயரோடு வாசித்த பொத்தான் இன்று வெறுமனே "பட்டன்" என்று மட்டும் சொல்லும். எந்தப் பட்டன் என்று யாரைக் கேட்பது? ஆப் துணையாக இருக்கட்டும். பேருந்தும் நிறுத்தமும் செய்ய வேண்டியதை அதன் தலையில் கட்டிவிடாதீர்கள்.

முழு இருட்டில் இருப்பவர்களைப் பற்றி மட்டும் நினைத்தும் வடிவமைக்காதீர்கள். கிட்டப் பார்வையோ தூரப் பார்வையோ குறைந்தவர்கள் உலகத்தில் குறைந்தது 220 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் பலருக்குக் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும், கண்ணாடி கிடைப்பதுதான் பிரச்சினை. இன்னும் பலருக்குக் கண்ணாடி போட்டும் மங்கல்தான். இவர்களுக்கெல்லாம் நெற்றிப் பலகை வாழ்வா சாவா என்பதுபோல. எழுத்து ஓடக் கூடாது. ஓடும் எழுத்தைப் படிக்க, கண் அதைத் துரத்த வேண்டும், என் குழாய்ப் பார்வைக்குள் ஒரு எழுத்து வருவதற்குள் அடுத்தது போய்விடும். எண் நிலையாக, பெரிதாக, கறுப்புப் பின்னணியில் வெளிச்சமாக நிற்கட்டும். பிரிட்டனின் 2000-ஆம் ஆண்டு விதிகளில் முன்பக்க வழித்தட எண்ணுக்குக் குறைந்தது 200 மில்லிமீட்டர் உயரம் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு சாண் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவுக்குப் பக்கத்திலும் ஓர் எண் வேண்டும், கண்ணுக்கு நேராக, கிட்டப் போய்ப் பார்க்கிற உயரத்தில். கூரைக்கு அருகே வைத்தால் எனக்கு அது வானத்தில் இருப்பது மாதிரிதான்.

இதைச் சொல்லும்போது ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். வெண்கோலோடு ஏறி உட்கார்ந்து, போனைக் கண்ணுக்கு அருகில் வைத்து எதையாவது படித்தால், இவன் நடிக்கிறான் என்று கிசுகிசுப்பவர்கள் உண்டு. ஒரு நடத்துநர் சத்தமாகவே கேட்டார், "போன் தெரியுது, பஸ் நம்பர் தெரியலையா?" என்று. அத்தனை பேருக்கு நடுவில் நான் என் விழித்திரையின் வரலாற்றைச் சொல்ல வேண்டியதாயிற்று. பார்வைக் குறைபாட்டில் பல வகை உண்டு, கோல் வைத்திருப்பவருக்குக் கொஞ்சம் தெரியலாம், கோல் இல்லாதவருக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம் என்பதை ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் பயிற்சியிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பாடத்தை எடுக்க எங்களில் ஒருவரையே அழையுங்கள். கையைப் பிடித்து இழுக்காமல் தன் முழங்கையைக் கொடுப்பது எப்படி என்பதையும் அப்போதே காட்டிவிடலாம்.

உள்ளே ஏறியபிறகு வேண்டியவற்றை நீங்கள் ஓரளவு அறிவீர்கள், சுருக்கமாகவே சொல்கிறேன். அடுத்த நிறுத்தத்தின் பெயர் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே வர வேண்டும், கதவு திறந்தபின் வந்தால் பயனில்லை. பிரிட்டனில் 2023-ல் வந்த விதிகளின்படி, சில விதிவிலக்குகள் நீங்கலாக, உள்ளூர்ப் பேருந்துகள் எல்லாம் 2026 அக்டோபருக்குள் வழித்தடத்தையும் அடுத்த நிறுத்தத்தையும் ஒலியாகவும் எழுத்தாகவும் தர வேண்டும். ஒலியும் எழுத்தும் சேர்ந்து வருவதால் காது கேளாதவர்களுக்கும் அது உதவும். அறிவிப்பின் சத்தத்தை ஓட்டுநர் குறைத்துவிடுகிறார் என்ற புகார் எங்களிடம் நிறைய உண்டு. ஒரு நாளில் ஒரே குரலை நூற்றுக்கணக்கான முறை கேட்கிறவர் அவர், அவருடைய சிரமமும் உண்மைதான். ஓட்டுநர் இருக்கையருகே ஒலிபெருக்கி வைக்காமல், உள்ளிருக்கும் இரைச்சலுக்கு ஏற்பச் சத்தம் தானே கூடிக் குறையும்படி வைத்தால் இந்தச் சண்டையே வராது. பிடிகம்பிகளும் படி விளிம்பும் பளிச்சென்ற நிறத்தில் இருக்கட்டும். நிறுத்தச் சொல்லும் பொத்தான் எல்லாப் பேருந்திலும் ஒரே உயரத்தில், தடவினால் தெரிகிற வடிவில் இருக்கட்டும். பயணச்சீட்டுக் கருவி வழுவழுப்பான தொடுதிரையாக மட்டும் இருந்தால் எங்களுக்கு அது ஒரு கண்ணாடித் துண்டு, அவ்வளவுதான்.

இனி, இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது என்பது. கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடந்து பார்க்கும் நிகழ்ச்சிகளை நல்ல மனதோடுதான் நடத்துகிறீர்கள், தெரியும். ஆனால் அதில் உங்களுக்குக் கிடைப்பது பயம் மட்டும்தான். கண்ணைக் கட்டியவருக்குக் கோல் பிடிக்கத் தெரியாது, சத்தத்தைப் பிரித்துக் கேட்கும் பழக்கம் இருக்காது. அதனால் பார்வையற்றவரால் தனியே எதுவும் முடியாது என்ற எண்ணத்தோடு கட்டை அவிழ்ப்பார். எங்களால் முடியும். முடியாமல் செய்வது எது என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. அதற்கு எங்களில் ஒருவரோடு காலையில் கிளம்பி, பேசாமல் பத்தடி பின்னால் வந்து, அவர் எங்கே தயங்குகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். முழுப் பார்வையற்றவர், என்னைப் போல் பாதி தெரிகிறவர், வயதான பிறகு பார்வை இழந்தவர், பார்வையோடு காதும் மங்கியவர் என்று பல பேரோடு போங்கள். அவர்களுக்கு அந்த நாளின் வேலைக்குரிய ஊதியத்தையும் கொடுங்கள், பொறியாளருக்குக் கொடுப்பதுபோல. திறப்பு விழாவுக்கு அழைத்து முன்வரிசையில் உட்காரவைப்பதைவிட, வரைபடம் பென்சிலில் இருக்கும்போது கூப்பிடுவது எங்களுக்கு மரியாதை.

அளவுகோல் ஒன்றும் சொல்கிறேன், என் சொந்த அளவுகோல். கிளம்பிய இடத்திலிருந்து போய்ச் சேரும்வரை வழியில் எத்தனை பேரைக் கேட்டேன் என்று எண்ணுவது. இந்த மடலை எழுதுவதற்கு முந்தைய வாரம் எண்ணினேன். ஐந்து நாள், போகவரப் பத்துப் பயணம், 41 முறை கேட்டிருக்கிறேன். அதில் 33 முறை அந்தப் பத்தடிக்குள். உங்கள் புதிய நிறுத்தமோ புதிய பேருந்தோ இந்த எண்ணைக் குறைக்கிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால், எவ்வளவு செலவு செய்திருந்தாலும், எங்களைப் பொறுத்தவரை ஒன்றும் மாறவில்லை.

அடுத்த முறை புதிய பேருந்தைச் சோதிக்கும்போது அதைப் பணிமனை மைதானத்தில் வெயிலில் நிறுத்திக் காட்டாதீர்கள். மழை பெய்யும் ஒரு நாளில், மாலை ஆறரை மணிக்கு, கூட்டமான நிறுத்தத்துக்கு, முன்னால் இரண்டு பேருந்துகளோடு மூன்றாவதாகக் கொண்டுவாருங்கள். எந்த எண் என்று எனக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். எந்த நாள் என்பதை மட்டும் சொல்லுங்கள், நிழற்குடையின் ஓரத்தில் வெண்கோலோடு நின்றுகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
தினமும் உங்கள் பேருந்தில் வரும் ஒரு பயணி